வித்தில்லா வமிசம்

மார்கழி மாதத்துக் காலையில் ரசத்துக்குப் பூண்டு உரிக்க உட்காரும் பெண்மணி, கூடையிலிருந்து எடுத்த பல்லின் நுனியில் பச்சைக் கொம்பு ஒன்று அரை விரற்கடை நீளத்துக்கு எட்டிப் பார்ப்பதைக் கண்டால், "முளைத்துப் போயிற்றே" என்று சலித்துக்கொண்டு அதை ஒதுக்கி வைப்பது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் காரியம். சமையலைப் பொறுத்தவரையில் அந்தச் சலிப்பு நியாயமானதுதான். முளைத்த பல் சற்றே கசக்கும், சதையும் தளர்ந்திருக்கும். ஆயினும், தண்ணீரும் மண்ணும் வெயிலும் இன்றி மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த ஒரு பொருள், யாரும் கேட்காமலே ஒரு நாள் கண் விழித்துப் பச்சை விடுகிறதே, அந்த விழிப்புக்கு உத்தரவு கொடுத்தது யார், அத்தனை நாளும் அது எதற்காகக் காத்திருந்தது என்று ஒரு கணம் யோசிப்போமாயின், தாவர சாஸ்திரத்தின் மிக நுட்பமான பிரச்சினைகளுள் இரண்டொன்று நம் அடுக்களையிலேயே கிடப்பது புலப்படும். ஒதுக்கப்பட்ட அந்தப் பல்லை எறிந்துவிடாமல் ஒரு தொட்டியில் ஊன்றி வைத்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பூண்டு என்பது ஆதியில் இந்த ஒரு செடிக்கு மட்டும் உரிய பெயரன்று. புல் பூண்டு என்று நாம் இன்றும் சேர்த்துச் சொல்வது போல, தரையோடு வளரும் சிறு செடி எதுவாயினும் அது பூண்டுதான். அவற்றுள் வெண்ணிறக் குமிழ் உடையதை வெள்ளைப்பூண்டு என்று பிரித்துச் சொன்னார்கள். தென் மாவட்டங்களில் அது வெள்ளைப்பூடு. பழைய வழக்கில் வெள்ளுள்ளி. அடுக்களையில் இதன் ஆட்சி ஓங்கிய பிறகு, பொதுப்பெயரையே இது தனக்கு உரிமையாக்கிக் கொண்டது. ஒரு குலம் சந்ததியே இல்லாமல் ஒழிந்து போனால் 'பூண்டோடு அழிந்தது' என்கிறோம். விந்தை என்னவெனில், இப்பெயரைத் தாங்கி நிற்கும் இச்செடி, சந்ததிக்கு ஆதாரமான விதையையே கைவிட்டு விட்டும், ஆயிரக்கணக்கான வருஷங்களாக அழியாமல் வாழ்ந்து வருகிறது.

பல்லுக்குள் ஒரு செடி

நாம் நடும் பூண்டுப் பல் விதையன்று. மகரந்தமும் சூலும் கலந்து உண்டாகும் புதிய ஜீவனே விதை. அதற்குத் தாயும் உண்டு, தந்தையும் உண்டு. பூண்டுப் பல்லுக்கோ தந்தை என்று ஒருவர் இல்லை. தாய்ச் செடியின் இலைக் கக்கத்தில் எழுந்த ஒரு மொட்டு, தன்னைச் சுற்றி உணவைச் சேமித்துக்கொண்டு திரண்டு நிற்பதுதான் அது. ரோஜாக் கிளையின் கணுவிலே துளிர்க்கும் மொட்டுக்கும் இதற்கும் அடிப்படையில் பேதமில்லை. ரோஜா மொட்டு வெளிச்சத்தில் கிளையாகிறது, பூண்டு மொட்டு இருட்டில் பல்லாகிறது.

இதனைப் பிரத்தியட்சமாகக் காண்பதற்குப் பூதக்கண்ணாடி கூட வேண்டுவதில்லை. பெரிய பல் ஒன்றைத் தோலுடனே எடுத்து, நுனியிலிருந்து அடி வரை கூரிய கத்தியால் நேர் பாதியாகப் பிளந்து பாருங்கள். வெளியே சரசரக்கும் தோல் ஓர் இலை; உள்ளிருக்கும் மொட்டுக்குக் காவலாய் நின்று தான் காய்ந்து போன இலை. அதற்கு உள்ளே நாம் உண்ணும் வெண்சதை முழுவதும் மற்றோர் இலை. பச்சையம் துறந்து, வெயிலை மறந்து, களஞ்சியமாகவே மாறிவிட்ட ஒற்றை இலை. அதன் நடுவே மெல்லிய குழல் போன்று ஒரு முளையும், அம்முளைக்குள் ஒன்றையொன்று அணைத்தபடி இனி வெளிவரப் போகும் இலைகளின் மிகச்சிறிய உருவங்களும் இருக்கின்றன. கீழே, பல்லின் தட்டையான அடியில், பழுப்பு நிறமான கெட்டித் தட்டு ஒன்று காணப்படும். உரிக்கும்போது கத்தியால் சீவி எறிகிறோமே, அதுதான் தண்டு. செடி முழுவதிலும் தண்டு என்று சொல்லத்தக்கது அந்தச் சிறு தட்டு ஒன்றே. வேர் கீழ்நோக்கிப் புறப்படுவதும் இலை மேல்நோக்கிப் புறப்படுவதும் அதிலிருந்துதான். அதனை இழந்த பல்லை எத்தனை நல்ல மண்ணில் ஊன்றினாலும் முளைக்காது.

வெங்காயத்தோடு இதனை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். வெங்காயமோ ஒரே மொட்டைச் சுற்றிப் பல இலைகளின் அடிப்பாகங்கள் தடித்து, ஏடு ஏடாக அடுக்கி நிற்கும் ஏகாந்தவாசி. பூண்டோ பல மொட்டுக்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடியிருக்கும் கூட்டுக் குடும்பம். முழுப் பூண்டின் மேல் போர்த்திய வெள்ளைத் தோல்கள், வயலில் பச்சையாக அசைந்தாடிய இலைகளின் அடிப்பாகங்களே. செடி எத்தனை இலை விட்டதோ அத்தனை போர்வை குமிழுக்கு உண்டு. ஆகையால், அறுவடையைத் தாமதித்து, இலைகள் அனைத்தும் மக்கும் வரை மண்ணிலேயே விட்டுவிட்டால், போர்வைகள் அழுகிப் பற்கள் சிதறிப் போகின்றன.

இந்தச் சதை இலைக்குள் சேமித்த ஆகாரமும் விசேஷமானது. அரிசியும் உருளைக்கிழங்கும் தம் செல்வத்தை மாப்பொருளாகச் சேமிக்கின்றன. பூண்டில் மாப்பொருள் கிடையாது என்றே சொல்லலாம். பழச்சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலி போலக் கோத்த 'ஃப்ரக்டான்' என்னும் பொருளாகவே அது தன் சேமிப்பை வைத்திருக்கிறது. பூண்டுக் குழம்பில் நெடுநேரம் கொதித்த முழுப்பல், காரம் முற்றும் நீங்கி, வெண்ணெய் போலக் குழைந்து இனிப்பதற்கு இந்தச் சங்கிலிகளே காரணம். முளைவிடும் பல் சுருங்குவதற்கும் அவையே காரணம். களஞ்சியத்தைத் திறந்து, சங்கிலியை அறுத்துத் தின்றுதான் பச்சைக் கொம்பு மேலே வருகிறது.

மண்ணில் ஊன்றுதல்

நடவு முறை எளிதே. ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. சுமார் ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி போதும். அடியில் துவாரம் இருக்க வேண்டும். துவாரத்தின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது நலம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து பொலபொலவென்று நிரப்ப வேண்டும். களிமண் இறுகினால் குமிழ் பருக்க இடம் கிடையாது. நீர் தேங்கினால் அடித்தட்டு அழுகும். முழுப்பூண்டை நடுகின்ற அன்றுதான் உடைக்க வேண்டும். முன்னாலேயே பிரித்து வைத்த பல்லின் அடித்தட்டு காய்ந்துவிடும். பற்களுள் வெளிச்சுற்றில் இருக்கும் பருத்தவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். புதுச் செடி தன் வேரால் உண்ணத் தொடங்கும் வரை, தாய் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை அந்தச் சதைதான். மூட்டை சிறுத்தால் செடியும் சிறுக்கும், செடி சிறுத்தால் குமிழும் சிறுக்கும். தோலை உரிக்கலாகாது. கூர்முனை மேலாக, தட்டையான அடி கீழாக, இரண்டு விரற்கடை ஆழத்தில், பல்லுக்குப் பல் நான்கைந்து விரற்கடை இடைவெளி விட்டு ஊன்றி, மண்ணை மூடி, பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இவ்வளவையும் நான் புத்தகத்தில் படித்திருந்தும், முதல் முறை சென்னையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐப்பசி நடுவில் நட்ட பற்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பெய்தபோது தொட்டியை உள்ளே எடுத்து வைக்கும் புத்தி எனக்கு வரவில்லை. தோண்டிப் பார்த்தபோது பற்கள் கூழாகிக் கிடந்தன. மறு முறை கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு, என் தமக்கையின் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆறு பல் நட்டேன். நான் நாலு நட்டேன். அவன் இரண்டு நட்டான். எட்டாம் நாள் நாலு இடத்தில் பச்சை ஊசி குத்திட்டு நின்றது. அவன் நட்ட இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "என்னோடது மட்டும் ஏன் தாத்தா வரலை?" என்று அவன் தினமும் கேட்டுக் கொண்டிருந்தான். ஐந்தாறு நாள் கழித்து அவையும் வந்தன. ஆனால் கழுத்தை ஒரு பக்கம் வளைத்துக்கொண்டு, தூண்டில் முள்ளைப் போல எழுந்தன. பையன் பல்லைத் தலைகீழாக ஊன்றியிருக்கிறான்.

தோல்வி என்று தோன்றிய அந்த இரண்டு செடிகளே எனக்கு அதிகம் கற்பித்தன. இருட்டு மண்ணுக்குள் மேல் எது, கீழ் எது என்று அந்த முளைக்கு அறிவித்தது யார்? தாவரங்களின் வேர் நுனியிலும் தண்டிலும் சில அணுவறைகளுக்குள் நுண்ணிய மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. சதையில் மாப்பொருள் சேமிக்காத இக்குடும்பத்துச் செடிகளும் வேர் நுனியில் மட்டும் இதனை விட்டுவிடவில்லை. பூமியின் ஈர்ப்பினால் அம்மணிகள் அறையின் கீழ்ப்பக்கத்தில் படிகின்றன. அவை எந்தப் பக்கம் படிந்தனவோ அந்தப் பக்கத்தைக் கீழ் என்று கொண்டு, வேர் அதனை நோக்கியும் முளை அதற்கு எதிராகவும் திரும்புகின்றன. கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையையே, கண்ணுக்குத் தெரியாத அளவில், அந்த மணிகள் செய்கின்றன. தலைகீழாக நட்ட பல் சாவதில்லை. திரும்பி வருவதற்குக் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் அதிகமாகச் செலவழிக்கிறது, அவ்வளவே. அந்தச் செலவும் வளைந்த கழுத்தும் பிறகு குமிழின் உருவத்தில் தெரியும்.

முளைத்த பிறகு வேலை அதிகமில்லை. மேல்மண் காய்ந்தால் தண்ணீர், களை கண்டால் பறிப்பு, நல்ல வெயில். பூண்டின் இலை வெங்காயத் தாளைப் போல உள்ளே வெறும் குழலாக இராது. தட்டையாக, நடுவே மடிப்புடன் நிற்கும். ஓரத்து இலை ஒன்றிரண்டைக் கிள்ளித் துவையலில் சேர்க்கலாம். ஆனால் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் நறுக்கினால், குமிழுக்கு ஆகாரம் சமைக்கும் அடுப்பையே அணைத்தவர்களாவோம். நாலாம் மாதத்தில் கீழ் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்தி, பாதி இலை காய்ந்த நிலையில் தோண்டியெடுத்து, இலையோடு நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும்.

குளிரின் கணக்கு

பங்குனி மாதத்தில் நான் ஆவலோடு தோண்டிய தொட்டியிலிருந்து வந்தவை ஆறு உருண்டைகள். நெல்லிக்காய் அளவு, வெளுத்த தோல், உரித்துப் பார்த்தால் பல் என்ற பிரிவே இல்லை. பூண்டுதான், வாசனையும் குறைவில்லை. ஆனால் முழுவதும் ஒரே பல். கடைகளில் ஒற்றைப் பூண்டு என்று தனி மதிப்போடு விற்கிறார்களே, அதுபோல ஒன்று. அதனை மருந்துக்குச் சிறந்த தனி ஜாதி என்று நினைப்பவர் உண்டு. என் தொட்டியில் நட்டதோ சாதாரணக் கடைப்பூண்டு. ஜாதி மாறவில்லை, செடிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு செய்தி கிடைக்காமற் போயிற்று.

அந்தச் செய்தி குளிர். பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. தியான்ஷான் மலைத்தொடரின் அடிவாரங்களும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களும் அதன் பிறந்தகம் என்பது தாவரவியலார் துணிபு. அங்கே கோடையில் நிலம் வறண்டு வெடிக்கும். குளிர்காலத்தில் பனி மூடும். வசந்தத்தில் பனி உருகி மண் நனையும் சில மாதங்களே செடிக்கு வாழ்வு. ஆகையால் அதன் பஞ்சாங்கம் இவ்வாறு அமைந்தது: கோடையில் குமிழுக்குள் அடங்கித் துயில்வது, குளிர் வந்ததும் துயில் கலைவது, குளிரை வேண்டிய அளவு அனுபவித்த பின், பகல் நீளத் தொடங்குவதை அறிந்து, வறட்சி திரும்புவதற்குள் அவசர அவசரமாகப் பல் பிரித்துக் குமிழ் கட்டுவது. ஐந்து முதல் பத்து டிகிரி வரையிலான குளிர் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கிடைத்தால்தான், இலைக் கக்கங்களில் புது மொட்டுக்கள் எழுந்து பற்களாகப் பிரியும். அந்தக் குளிரைக் காணாத செடி வளரும், சேமிக்கும். ஆனால் பிரிவதற்கு உத்தரவு வராததால் சேமித்த அனைத்தையும் ஒரே மொட்டில் கொட்டி உருண்டையாகிவிடும்.

சென்னையின் தை மாதத்து இரவுகளில்கூட வெப்பம் ஏறத்தாழ இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பகலின் நீளமும் இங்கே அதற்கு உதவுவதாயில்லை. தியான்ஷான் இருக்கும் அட்சரேகையில் குளிர்காலப் பகல் ஒன்பது மணி நேரத்தை ஒட்டியும் கோடைப் பகல் 15 மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பெரிய எழுத்தில் எழுதிய கடிதத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்குப் பொடி எழுத்தைக் காட்டுவது போன்றது இது. வட இந்தியச் சமவெளியில் சாகுபடியாகும் ரகங்கள் குறுகிய பகலுக்கும் மிதமான குளிருக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டவை. மத்தியப் பிரதேசத்து மந்தசௌர், நீமச் பகுதிகளில் ஐப்பசி கார்த்திகையில் நட்டு, பனிக்காலத்தைக் கடந்து, பங்குனி வாக்கில் எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் பூண்டு ஏன் மலைக்குப் போயிற்று என்பது இப்போது விளங்கும். அட்சரேகை தராத குளிரை உயரம் தருகிறது. ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தைச் சுற்றிய படிக்கட்டு வயல்களிலும், கொடைக்கானல் மேல்மலையின் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி முதலிய கிராமங்களிலும் பூண்டு செழிக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மலைச் சரக்கு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. நீலகிரிச் சரக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. வட மாநிலத்து வியாபாரிகள் மேட்டுப்பாளையத்துக்கு வந்து நீலகிரிப் பூண்டை மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்வது உண்பதற்காக மட்டுமல்ல. தங்கள் வயல்களில் விதைப்பூண்டாக ஊன்றுவதற்காகவும்தான்.

இந்த இரகசியம் தெரிந்த பிறகு சமவெளிவாசிக்கும் ஒரு வழி உண்டு. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு சுமார் ஐந்து டிகிரியில் இருக்கிறது. அது நம் அடுக்களைக்குள் அடைபட்ட ஒரு சிறு தியான்ஷான். முழுப்பூண்டை உடைக்காமல், ஈரம் படாதபடி காகித உறையிலிட்டு ஆறு வாரம் அங்கே வைத்திருந்து, மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் நட்டால், செடி குளிர்காலத்தைக் கடந்து வந்ததாகவே எண்ணிக்கொள்ளும். மறு வருஷம் நான் அப்படிச் செய்து, கடைப்பூண்டோடு பழைய உருண்டைகளில் மூன்றையும் நட்டேன். பங்குனியில் எடுத்தவை பார்வைக்குச் சிறியவையே. ஆனால் நாலும் ஐந்துமாகப் பல் பிரிந்திருந்தன. அதிலும் உருண்டையிலிருந்து வந்தவையே பருமன் அதிகம். ஒற்றைப் பூண்டாக நின்றுவிட்டது முடிவன்று. ஒரு வருஷம் காத்திருந்து செய்தியைப் பெற்றுக்கொண்டால் அதுவும் குடும்பஸ்தன் ஆகிவிடும்.

அடுக்களையின் முதற் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கூடையில் கிடந்த பல்லை எழுப்பியது மார்கழியின் குளிர்ச்சி. பூண்டை முளைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிச் சிலர் அதனைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அது துயில்பவன் காதருகே சேவல் கூவுவதற்கு ஒப்பானது. உறைநிலையை ஒட்டிய கடுங்குளிர் பூண்டை நிறுத்தி வைக்கும். மித உஷ்ணமும் உலர்ந்த காற்றும் அதனைத் துயிலில் வைத்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மிதக் குளிரே அதனை எழுப்புவது. பாட்டிமார் பூண்டை அடுப்புக்கு எட்டின உயரத்தில் காற்றாடக் கட்டித் தொங்கவிட்டது சரியான சாஸ்திரமே.

வித்தைத் துறந்தது எப்படி?

பூண்டுக்குப் பூ உண்டா என்றால், சில ரகங்களுக்கு உண்டு. நடுவிலிருந்து தண்டு ஒன்று எழுந்து, நுனியில் உறை மூடிய தலையோடு நிற்கும். உறையைப் பிரித்தால் சிறிய பூக்களும், அவற்றை நெருக்கிக்கொண்டு கடுகும் பட்டாணியுமாகத் திரண்ட சிறு குமிழ்களும் காணப்படும். இந்தச் சிறு குமிழ்களும் தந்தையற்ற மொட்டுக்களே. இவை பூக்களுக்குச் சேர வேண்டிய ஆகாரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பூக்கள் வாடி உதிர்கின்றன. மகரந்தமும் பெரும்பாலும் வீரியமற்றது. பெருங்குமிழை விரும்பிய உழவன், தலைமுறை தலைமுறையாகப் பூத்தண்டைக் கிள்ளியும், பூவாத செடியின் பற்களையே மறு நடவுக்கு எடுத்து வைத்தும் வந்ததில், விதை கட்டும் சக்தி படிப்படியாகப் பயனற்று மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் மத்திய ஆசியாவிலே திரட்டிய பூண்டுகளுள் வளமான மகரந்தமுடைய சிலவற்றைக் கண்டு, சிறு குமிழ்களை இடுக்கியால் அகற்றிப் பூக்களுக்கு வாழ்வு கொடுத்து, மெய்யான பூண்டு விதையை விளைவித்துக் காட்டினார்கள். பிறந்தகத்தில் மட்டும் பழைய வித்தின் நினைவு சிறிது மிஞ்சியிருந்தது.

அந்தப் பிறந்தகத்தின் விளிம்பிலேயே, பூண்டின் புகழ் பாடும் ஒரு சமஸ்கிருத ஏடும் அகப்பட்டது என்பது சுவையான பொருத்தம். 1890-ஆம் வருஷம் ஹாமில்டன் பவர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, தியான்ஷான் மலையின் தெற்கே குச்சா என்ற ஊரில் பூர்ஜமரப் பட்டையில் எழுதிய சுவடிகளை விலைக்கு வாங்கினார். ருடால்ஃப் ஹெர்ன்லே என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தார். அச்சுவடிகளின் முதற் பகுதி பூண்டின் உற்பத்தியையும் ஔஷத குணங்களையும் விவரிக்கிறது. அமுதம் உண்ட அசுரனின் கழுத்தை விஷ்ணு அறுத்தபோது பூமியில் சிந்திய துளியிலிருந்து பூண்டு பிறந்தது என்பது அதில் வரும் கதை. ஆயுர்வேதத்தார் இதற்கு ரசோனம் என்றும் பெயர் வைத்தார்கள்; ஆறு சுவைகளுள் புளிப்பு ஒன்று மட்டும் குறைந்தது என்பது அப்பெயரின் பொருள். வேரில் கார்ப்பு, இலையில் கைப்பு, தண்டில் துவர்ப்பு, தண்டின் நுனியில் உவர்ப்பு, விதையில் இனிப்பு என்று பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூல் பங்கிட்டுச் சொல்கிறது. விதையில்லாப் பூண்டுக்கு விதையின் சுவையைச் சொன்னது, பூத்தலையில் திரண்ட சிறு குமிழ்களை மனத்தில் வைத்தோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விதையைத் துறந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நல்ல பூண்டு ஒன்று கிடைத்தால் அதன் பற்கள் அனைத்தும் அதே குணத்தோடு முளைக்கும், இது லாபம். நஷ்டம், பெருக்கம் மந்தம் என்பது. ஒரு நெல்மணி நூற்றுக்கணக்கான மணிகளைத் தருகிறது. ஒரு பூண்டுப் பல்லோ ஒரே குமிழைத் தருகிறது, அதில் பத்துப் பதினைந்து பற்கள். ஆகையால் ஹெக்டேர் ஒன்றுக்கு 500 முதல் 600 கிலோ வரை பூண்டையே விதையாகப் புதைக்க வேண்டியிருக்கிறது. அதனினும் பெரிய நஷ்டம் நோய். விதை பெரும்பாலான நச்சுயிரிகளுக்குச் சல்லடை போன்றது; தாய்ச் செடியின் பிணி அதனைக் கடந்து சந்ததியை எளிதில் சேராது. பூண்டுக்கு அந்தச் சல்லடை இல்லை. அசுவினிப் பூச்சி ஒரு முறை கொண்டுவந்து சேர்த்த நச்சுயிரி, பல்லிலிருந்து குமிழுக்கும் குமிழிலிருந்து பல்லுக்குமாக என்றென்றும் தொடர்கிறது. இலையில் மஞ்சள் கோடுகள் ஓட, வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் தேய்கிறது. ஆராய்ச்சிச்சாலைகளில் முளையின் உச்சியிலுள்ள, ஒரு மில்லிமீட்டரினும் சிறிய வளர்நுனியை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறார்கள். நச்சுயிரி இன்னும் எட்டாத அந்த நுனியிலிருந்து சுத்தமான செடி எழுகிறது. வித்து செய்து வந்த வேலையை இப்போது குடுவை செய்ய வேண்டியிருக்கிறது.

நசுக்கும் கணம்

இவ்வளவு உணவைத் திரட்டி மண்ணுக்குள் வைத்திருக்கும் செடியைப் புழுவும் பூஞ்சைக்காளானும் விட்டு வைக்குமா? அதற்கென அது செய்துகொண்ட ஏற்பாடே நாம் விரும்பும் வாசனை. உரிக்காத முழுப்பல்லை முகர்ந்தால் வாசனை அதிகம் இல்லை. நசுக்கிய உடனே அறை முழுவதும் நிறைகிறது. கந்தகம் அடங்கிய 'அல்லியின்' என்னும் மணமற்ற பொருள் சில அணுவறைகளிலும், அதனை மாற்றவல்ல நொதி வேறு அறைகளிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. புழுவின் பல்லோ அம்மிக் குழவியோ சுவரை உடைக்கும்போது இரண்டும் கலந்து, சில விநாடிகளில் 'அல்லிசின்' என்னும் காரப்பொருள் பிறக்கிறது. அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி என்ற இருவர் 1944-இல் அல்லிசினைப் பிரித்தெடுத்து, கிருமிகளை ஒடுக்கும் அதன் சக்தியை எடுத்துக் காட்டினார்கள். அதன் மூலமான அல்லியினை சுவிட்சர்லாந்தில் ஸ்டோல், ஸீபெக் என்ற இருவர் சில ஆண்டுகளில் கண்டறிந்தார்கள். கொதிநீரில் முழுதாக இட்ட பல்லில் நொதி வெந்து செயலிழப்பதால் காரம் பிறப்பதேயில்லை. ரசத்துக்குத் தட்டிப் போடுவதும் குழம்புக்கு முழுதாகப் போடுவதும் இரண்டு வேறு இரசாயனங்கள். நம் வீட்டுப் பெண்கள் அவற்றைப் பெயர் தெரியாமலே பிரித்து ஆள்கிறார்கள்.

எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறையில், மூவாயிரம் வருஷங்களுக்கும் மேலாகக் காய்ந்து கிடந்த பூண்டும் அகப்பட்டது. ஊன்றுவதற்கு ஒரு கை இல்லாததால் அந்தக் கிளை அங்கேயே நின்று போயிற்று. நம் கூடைக்கு வந்த பூண்டோ, விதையைத் துறந்த நாளிலிருந்து எந்த வருஷமும் எவரேனும் ஒருவர் மறவாமல் எடுத்து வைத்து ஊன்றியதால் வந்தது. அந்த எடுத்து வைத்தலில் ஒரு தியாகமும் உண்டு: சமையலுக்கு மிக உகந்த பருத்த பல் எதுவோ, அதுவே மண்ணுக்கும் உகந்தது.

சென்ற புரட்டாசியில் எங்கள் தொட்டிப் பூண்டுகளுள் பெரியவை ஐந்தை உறையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். மூன்றாம் வாரம் வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தபோது அவை பூண்டு ரசமாகிவிட்டன. ரசம் மிக நன்றாக இருந்தது. இந்த வருஷம் உறையின் மேல் 'நடுவதற்கு' என்று தமக்கையின் பேரன் கொட்டை எழுத்தில் எழுதி, பல்லின் படம் ஒன்றும் வரைந்திருக்கிறான். கூர்முனை மேலே இருக்கிறது.